உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து சேஸுக்குக் கோட்டிங் அடித்துக் கொடுத்தது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு அனுப்பும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வந்ததோடு சரி. போனில் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், நானும் வண்டி நம்பரில் இருந்து முதலில் இருந்து சொல்கிறேன், அவர் "லைன்ல இருங்க" என்கிறார், பாட்டு ஓடுகிறது, கட் ஆகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். கோபத்தில் முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

வண்டி 2012 மாடல், பத்துச் சக்கரம். தூத்துக்குடி உப்பளங்களில் இருந்து உப்பு ஏற்றுகிறேன். இதை நான் மறைக்கவே இல்லை. உங்கள் மதுரை சென்டரில் ஃபார்ம் நிரப்பும்போது என்ன லோடு என்று கேட்டு, உங்கள் ஆளே தன் கையால் உப்பு என்று எழுதினார், காப்பி என்னிடம் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி மூன்று நாள் முட்டளவு தண்ணீரில் நின்றது. அதற்கப்புறம்தான் பயந்துபோய் 2024 ஜூனில் உங்களிடம் கொண்டுவந்து விட்டேன். 34,000 ரூபாய், ஐந்து வருட வாரண்டி. சேஸ், அதாவது லாரியின் அடிச்சட்டம், துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற கறுப்புக் கோட்டிங் அது.

மதுரைக்கு என்னை வரவழைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ராத்திரி தூக்கம் கெடுவதே அதை நினைத்துத்தான். பொங்கல் முடிந்து எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்குப் போனேன். பழைய வண்டி என்பதால் வருடா வருடம் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் சின்ன சுத்தியலால் தட்டினார். நல்ல இரும்பு என்றால் 'ணங்' என்று கேட்கும், எங்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். இது ஈர மரத்தைத் தட்டின மாதிரி 'சொத்' என்றது. சரி பண்ணிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் பார்க்காவிட்டால் லோடோடு எங்காவது பாலத்து மேல் சேஸ் ஒடிந்திருக்கும். எஃப்.சி. முடிய அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. உங்களுக்குப் போன் பண்ணினேன். "புதன்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியோட மதுரை வாங்க, டெக்னிகல் டீம் பார்த்து அங்கேயே முடிவு சொல்வாங்க" என்றார்கள். பத்து மணி என்று அவர்களே குறித்தது.

வந்த லோடை விட்டுவிட்டு விடியற்காலை காலி வண்டியை எடுத்தேன். போக வர கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், டீசலும் டோலும் என் கைக்காசு. ஒன்பதரைக்கே வாசலில் நின்றேன். டெக்னிகல் டீம் கோயம்புத்தூர் போயிருக்கிறதாம், யாருக்கும் தகவல் இல்லையாம். மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு பையன் வந்து செல்போனில் சக்கரத்தை நாலு போட்டோ எடுத்தான். தம்பி, துரு சக்கரத்தில் இல்லை, சேஸில் இருக்கிறது, கீழே படுத்துப் பார் என்றேன். "யூனிஃபார்ம் அழுக்காயிடும் சார்" என்றான். முப்பது வருடமாக வண்டிக்கு அடியில் படுத்து எழுந்த உடம்பு எனக்கு. அவன் சட்டை அழுக்காகிவிடும் என்பதற்காக நான் 300 கிலோமீட்டர் வந்து போனேனா?

எஃப்.சி. நாள் நெருங்கியதால் காத்திருக்க முடியாமல் ஊரில் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைப் பெரியவர் உளியை வைத்து ஒரு அடி அடித்தார். உங்கள் கறுப்புக் கோட்டிங் ரப்பர் தோல் மாதிரி ஒரு முழ நீளத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. அதற்கு அடியில் தண்ணீர். உண்மையாகவே தண்ணீர் சொட்டியது. வண்டி பட்டறையில் காய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. அதற்கடியில் இரும்பு பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்காகக் கையோடு பெயர்ந்தது. "தம்பி, இது வெளிய இருந்து வந்த துரு இல்ல, உள்ள வச்சு மூடுன துரு" என்றார் அவர். ஒரு கிராஸ் மெம்பர், அதாவது சேஸின் குறுக்குச் சட்டம், முழுவதும் மாற்றினோம், நீளச் சட்டமான இரட்டைச் சேனல் சேரும் இடத்தில் நடுவில் துரு வீங்கி இரண்டு தகட்டையும் பிளந்து ரிவிட் தலை தெறித்திருந்தது. கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 46,500 ரூபாய், பில் இணைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் போன் ஆள் சொன்ன பதிலுக்கு வருகிறேன். உப்பு ஏற்றுவதால் துரு பிடித்ததாம், அதற்கு வாரண்டி கிடையாதாம். அப்படியென்றால் உப்பு என்று எழுதிவிட்டு ஏன் பணம் வாங்கினீர்கள்? இன்னொருவர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றார். வெள்ளம் வந்தது நீங்கள் கோட்டிங் அடிப்பதற்கு ஆறு மாதம் முன்னால், அதற்குப் பின் வண்டி எந்த வெள்ளத்திலும் நிற்கவில்லை. அளத்து உப்பில் மெக்னீசியமும் கலந்திருக்கும், அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மழையே இல்லாத மே மாதத்திலும் எங்கள் சேஸ் கசகசவென்று இருப்பது அதனால்தான். அந்த உப்பை நல்ல தண்ணீர் விட்டுச் சேனல் உள்பக்கம் வரை கழுவி, முழுக்கக் காயவிட்டு, துருவைச் சுரண்டி பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு ஜிங்க் பிரைமர் அடித்து அதற்கு மேல்தான் கோட்டிங். உங்கள் நோட்டீஸிலேயே இப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் காலை பதினொரு மணிக்கு விட்ட வண்டியைச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள். ஆறு மணி நேரத்தில் கழுவி, காயவைத்து, சுரண்டி, பிரைமர் அடித்து, அதுவும் காய்ந்து, கோட்டிங்கும் அடிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள். சேனலில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளைக்கூட கோட்டிங்கால் அடைத்திருந்தார்கள், பெரியவர் ஆணியால் குத்தித்தான் திறந்தார்.

உங்களிடம் வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் அந்தச் சேஸ் தாங்கியது. வருடம் ஒருமுறை ஐப்பசி மழைக்கு முன்னால் நன்றாக வாட்டர் சர்வீஸ் பண்ணி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, உள்பக்கம் பழைய இஞ்சின் ஆயிலைத் தடவி விடுவேன். என் அப்பா காலத்து வழக்கம். எண்ணெய் பட்டால் கோட்டிங் கெட்டுவிடும், இனிமேல் கையே வைக்காதீர்கள் என்று உங்கள் ஆட்கள் சொன்னதால் நிறுத்தினேன். பன்னிரண்டு வருடத்தில் வராத ஓட்டை ஒன்றரை வருடத்தில் வந்துவிட்டது. 2025 ஜூனில் இலவச இன்ஸ்பெக்‌ஷன் என்று உங்கள் ஆள் டார்ச் அடித்துப் பார்த்து கார்டில் 'நல்ல நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதுவும் பத்திரமாக இருக்கிறது.

இதையெல்லாம் நான் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது போன மாதக் கடைசியில் உங்கள் ஆள் ஒருவர் போனில் சொன்னது, "பதினாலு வருஷ வண்டிக்கு எதுக்கு சார் இவ்ளோ டென்ஷன், பேசாம ஸ்கிராப்ல போடுங்க." சொல்லிவிட்டுப் பக்கத்தில் யாரிடமோ சிரித்தது எனக்குக் கேட்டது. அந்த வண்டியில்தான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். மூத்தவள் கல்யாணம் அந்த வண்டி சம்பாதித்தது. உங்கள் கால் எல்லாம் ரெக்கார்டு ஆகும் என்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள். நஷ்டத்தை எல்லாம் மறந்தாலும் அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

வண்டி மொத்தம் 17 நாள் நின்றது. டியூ கட்ட நகையை அடகு வைத்தேன். வழக்கமாக லோடு கொடுக்கிற இரண்டு இடத்திலும் வேறு வண்டி வைத்துக்கொண்டார்கள், அது இனி திரும்ப வருமோ வராதோ. இதற்கெல்லாம் பத்து லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

நான் சண்டைக்கு நிற்கிறவன் இல்லை. நான் கேட்பது, வாங்கிய 34,000, பட்டறைச் செலவு 46,500, மதுரை அலைச்சல் செலவு, வண்டி நின்ற நாட்களுக்கு நியாயமான தொகை. மிச்சமிருக்கிற சேஸ் முழுவதும் உங்கள் கோட்டிங்கை உரித்து, முறையாகக் கழுவிக் காயவைத்து திரும்ப அடித்துத் தர வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஸ்கிராப்பில் போடச் சொன்னவர் போன் பண்ணி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும். தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள், விஷயத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

செய்யவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டு எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவேன். லாரிக்காரன், வியாபாரத்துக்கு வாங்கினது, கேஸ் நிற்காது என்று உங்கள் ஆள் ஒருவர் பயமுறுத்திப் பார்த்தார். இருப்பது ஒரே வண்டி, நானே ஓட்டிப் பிழைக்கிறேன். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியது அந்தக் கணக்கில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் ஆபீஸ் சென்னையில் இருந்தாலும் நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். இந்தத் தடவை மதுரைக்கோ சென்னைக்கோ நான் வரமாட்டேன், நீங்கள்தான் தூத்துக்குடி வர வேண்டியிருக்கும்.

உரிந்த கோட்டிங்கில் ஒரு முழத் துண்டையும் பெயர்ந்த இரும்பையும் பாலிதீன் பையில் கட்டி வைத்திருக்கிறேன். பைக்குள் இன்னும் ஈரம் நிற்கிறது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பொறுப்பான ஒருவர் பேசினால் அவரிடம் காட்டுகிறேன், இல்லாவிட்டால் அது ஆணையத்துக்குப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
தூத்துக்குடி