கால் டாலருக்கு ஒரு கிண்ணம்

ட்ரூமன்ஸ்பர்க், நியூயார்க் மாநிலம்
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தில், அழுது ஓய்ந்த முகத்தோடு தாய்மாமன் மடியில் அவள் உட்கார்ந்திருக்கும் அழகை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறி இறங்குவதை நிறுத்திவிட்டுக் கீழ் அறைக்கே படுக்கையை மாற்றிக்கொள்.

நான் அனுப்பிய படம் ஒன்றைப் பற்றி நீ கேட்டிருந்தாய். எங்கள் தெருப் பெண்மணி ஒருவர் தன் வீட்டுப் புல்வெளியில் மேசை போட்டு, பழைய பாத்திரங்களையும் குழந்தைச் சட்டைகளையும் பரப்பி வைத்திருந்தாரே, அந்தப் படம். “இத்தனை வசதியான நாட்டில் ஏன் இந்தக் கேவலம்? வேண்டாததை இல்லாதவர்களுக்குச் சும்மா கொடுத்தால் என்ன?” என்று எழுதியிருக்கிறாய். இதற்குப் பதில் சொல்லாமல் வேறு செய்திக்குப் போக மனம் வரவில்லை.

இது 2000 பேர்கூட இல்லாத ஊர். கயுகா ஏரிக்கு மேற்கே, பக்கத்து நகரமான இத்தாக்காவிலிருந்து 96ஆம் எண் சாலையில் கொஞ்ச நேரப் பயணம். நவம்பரில் குளிர் இறங்கினால் ஏப்ரல் வரை எல்லோரும் கதவை அடைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பது, அவர் வாசலில் பனி அள்ளும்போது கையசைப்பதோடு சரி. மே மாதம் பிறந்ததும் மின்கம்பங்களில் அட்டைகள் முளைக்கும். கொட்டை எழுத்தில் ‘யார்டு சேல்’, அதாவது முற்றத்து விற்பனை, கீழே ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். அம்பு காட்டும் வழியே போனால் யாரோ ஒருவருடைய வீட்டு முற்றம். குளிர்காலத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு வேலை போயிற்று, யார் மகளோடு ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்கிறார்கள் என்பதெல்லாம் அந்த மேசையைச் சுற்றி நிற்கும்போதுதான் தெரியவரும். ஒன்றும் வாங்காமல் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மேசையில் கிடப்பதை வைத்தே இந்த வட்டாரத்தின் கதையைச் சொல்லிவிடலாம். நீலப்பூ அச்சிட்ட வெள்ளைக் கார்னிங்வேர் பாத்திரங்கள் எல்லா வீட்டிலும் இருக்கும். 1958இல் சந்தைக்கு வந்தவை. அவற்றைச் செய்த நிறுவனத்தின் ஊரான கார்னிங் இங்கிருந்து வெகு தொலைவில்லை. 1915இல் பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரங்களை விற்கத் தொடங்கியதும் அதே நிறுவனம்தான். சில வீடுகளில் கரோனா தட்டச்சுப் பொறி கனத்த பெட்டியோடு கிடக்கும். அது பக்கத்து ஊரான க்ரோட்டனில் செய்யப்பட்டது. அந்தத் தொழில் இந்த வட்டாரத்தை விட்டுப் போய்ப் பல காலமாகிறது. தட்டச்சுப் பொறியைத் தொட்டுப் பார்த்தால் போதும், விற்கிற முதியவர் தன் தாய் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்று தொடங்கிவிடுவார். ஓர் ஊரின் உழைப்பு கடைசியில் அதன் முற்றங்களுக்கே திரும்பி வந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சென்ற ஜூனில் அதே பெண்மணியின் மேசையருகே நின்றிருந்தேன். புதிதாகக் குடிவந்த இளம்பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். ஒரு ஜோடி பனிக்காலக் காலணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடையில் புதிதாக வாங்கினால் 40 டாலராவது ஆகும். அவளுடைய நிலைமையைப் புரிந்துகொண்டு பெண்மணி, “சும்மா எடுத்துக்கொள்” என்றார். அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது. “இல்லை, பரவாயில்லை” என்று காலணியைக் கீழே வைத்துவிட்டாள். பெண்மணி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. “அப்படியானால் அரை டாலர் கொடு. எனக்கும் சில்லறை தேவைப்படுகிறது” என்றார். அவள் சிரித்தபடி இரண்டு கால் டாலர் நாணயங்களைக் கொடுத்துக் காலணியை வாங்கிக்கொண்டாள். கூடவே கால் டாலருக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணமும். போகும்போது அடுத்த தெருவில் எந்த வீட்டில் நல்ல தொட்டில் இருக்கிறது என்று பெண்மணியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

செல்வி, அந்த அரை டாலர் யாருக்காக? விற்றவருக்காக இல்லை. வாங்கியவள் தலைநிமிர்ந்து போவதற்காக. சும்மா கொடுத்திருந்தால் அவள் அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் நன்றி சொல்ல வேண்டியிருந்திருக்கும். விலை கொடுத்ததால் கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. மறுநாள் இருவரும் சமமாக நின்று பேசலாம்.

நம் வீடுகளை நினைத்துப் பார். வீட்டு வேலைக்கு வந்தவருக்குத் தீபாவளிக்கு முன் பழைய சேலைகளைக் கட்டிக் கொடுப்போம். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்வார். பிடித்திருக்கிறதா, நிறம் பொருந்துமா என்று யாரும் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடமும் இல்லை. அதே தெருவில் பழைய பட்டுச்சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்மணி கூடையோடு வருவார். ஜரிகை போதாது, கிழிசல் இருக்கிறது என்று உன் அம்மாவிடம் அடித்துப் பேசுவார். உன் அம்மாவும் விடமாட்டார். அந்த வாதம் முடியும்போது இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். கொடுப்பதற்கும் மாற்றிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை நாம் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறோம்.

இங்கே நடப்பதெல்லாம் அழகு என்று சொல்லமாட்டேன். எங்கள் வரிசையில் கடைசி வீட்டிலிருந்த முதியவர் வசந்தத்தில் இறந்துபோனார். பிள்ளைகள் தூரத்து ஊர்களில் இருக்கிறார்கள். வீட்டுச் சாமான்களை விற்றுக்கொடுக்கும் ஒரு நிறுவனத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் அறை அறையாகப் போய் அலமாரிகளைத் திறந்தார்கள். தலையணை உறைக்குக்கூட விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அவர் மனைவி கைப்பட எழுதிய சமையல் குறிப்புகள் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன, அதற்கும் 3 டாலர். முற்றத்து விற்பனையில் பொருளை வைத்தவர் பக்கத்திலேயே நின்று, அது எங்கே வாங்கியது, ஏன் கொடுக்கிறேன் என்று சொல்வார். அந்த வீட்டில் சொல்வதற்கு ஒருவரும் இல்லை. தகரப்பெட்டியை நான் வாங்கி, அவருடைய மகளின் முகவரிக்கு அனுப்பிவிட்டேன்.

மிச்சிகனிலிருந்து அலபாமா வரை, பெரும்பாலும் 127ஆம் எண் சாலையை ஒட்டி, ஏறத்தாழ 690 மைல் நீளத்துக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டில் முற்றத்து விற்பனை நடக்கிறது. 1987இல் தொடங்கிய வழக்கம். போய்ப் பார்க்கலாமா என்று என் கணவர் கேட்டார். எனக்கு விருப்பமில்லை. ஒருவரையொருவர் மறுபடி பார்க்கப்போவதில்லை என்றால், அங்கே நடப்பது வெறும் வியாபாரம்தானே.

புதன்கிழமை மாலைகளில் எங்கள் ஊரில் விவசாயிகள் சந்தை கூடுகிறது. ஒரு பக்கம் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள், குழந்தைகள் புல்லில் ஓடுவார்கள். மே மாதத்தில் ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு, ஜூனில் ஸ்ட்ராபெர்ரியும் பூண்டுத் தண்டும், இப்போது மக்காச்சோளமும் தக்காளியும். செப்டம்பரில் திராட்சையும் ஆப்பிளும் வந்துவிடும். மேப்பிள் பாகு விற்பவர் ஒருவர் உண்டு. ஏறக்குறைய 40 கேலன் மரச்சாற்றைக் காய்ச்சினால் ஒரு கேலன் பாகுதான் மிஞ்சும் என்று அவர் விளக்கிய பிறகு, அதன் விலையைப் பற்றி நான் முணுமுணுப்பதை விட்டுவிட்டேன்.

நமது உழவர் சந்தையை நினைக்காமல் அங்கே நிற்க முடிவதில்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் முதல் சந்தை திறந்தது. காலையில் விலைப்பலகையில் எழுதியதுதான் விலை, அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி மட்டுமே விற்கலாம். இங்கே பலகை கிடையாது. தக்காளிக்கு என்ன விலை என்பதை வளர்த்தவளே சின்ன அட்டையில் எழுதி வைக்கிறாள். அவளுக்கு அது பெரிய சுதந்திரம். வாங்குகிறவருக்கு, ஒளிக்காமல் சொன்னால், பாரம். பல சமயம் பெரிய கடையைவிட விலை கூடுதல். கூலிவேலைக் குடும்பங்கள் இந்தச் சந்தைப் பக்கம் வரத் தயங்குவதற்கு அதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். அரசின் ‘ஸ்னாப்’ உணவு உதவி அட்டை வைத்திருப்பவர்கள் பல சந்தைகளில் நிர்வாகியின் மேசையில் அட்டையைத் தேய்த்து, அந்தத் தொகைக்கு டோக்கன் வில்லைகள் வாங்கிக்கொள்ளலாம். வில்லையைக் கொடுத்துக் காய் வாங்கலாம். எனக்கு இது மிகவும் பிடிக்கிறது. ஏனென்றால் அவர்கள் நிற்பதும் அதே வரிசை, தேர்ந்தெடுப்பதும் அதே கூடையிலிருந்து. இலவச உணவுப் பொட்டலம் வாங்கும் வரிசையில் எது கிடைக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். இங்கே கத்தரிக்காய் முற்றலாக இருந்தால், “வேறு கொடு” என்று கேட்கலாம்.

இத்தாக்காவில் ஏரிமுனையில், பழைய நீராவிப் படகுத் துறையில், வார இறுதிகளில் பெரிய சந்தை உண்டு. 1973இல் விற்பவர்களே கூடி அமைத்த கூட்டுறவு. 30 மைல் சுற்றளவுக்குள் இருப்பவர்கள்தான் அங்கே கடை போடலாம். அந்த ஊரில் 1991இல் பால் க்ளோவர் என்பவர் ‘இத்தாக்கா ஹவர்ஸ்’ என்ற உள்ளூர்ப் பணத்தாளை அச்சிட்டார். ஒரு ‘ஹவர்’ தாளின் மதிப்பு 10 டாலர், அதாவது ஒருவருடைய ஒரு மணி நேர உழைப்பு. சந்தையிலும் அதைக் கொடுத்துக் காய்கறி வாங்கினார்கள். அவர் ஊரைவிட்டுப் போனார், அட்டைகளிலும் கணினியிலும் பணம் செலுத்தும் பழக்கம் வந்தது, அந்தத் தாள் மெல்ல மறைந்தது. பிழைத்திருக்க வேண்டிய ஒன்று என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சாலையோரங்களில் ஆளில்லாத மேசைகள் இருக்கின்றன. முட்டை, வெள்ளரிக்காய், பூங்கொத்து, பக்கத்தில் ஒரு தகர டப்பா. பணத்தைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பண்ணைக்காரர் வயலில் இருப்பார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. மறுநாள் புது டப்பா வைத்துவிடுகிறார்கள்.

வீட்டுச் செய்தி: மகன் வேலை மாறிப் பாஸ்டனுக்குப் போய்விட்டான். மாதம் ஒருமுறை வருகிறான். கணவருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. அக்டோபரில் இத்தாக்கா நூலகத்தின் ‘நண்பர்கள்’ அமைப்பு நடத்தும் பழைய புத்தக விற்பனைக்காக இப்போதே பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். நாள் ஆக ஆக விலை குறைந்துகொண்டே போகும் விற்பனை அது. கடைசி நாள்வரை காத்திருக்கலாம் என்று நான் சொன்னால், நல்ல புத்தகம் போய்விடும் என்பார்.

ஜனவரியில் மதுரை வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. விடியற்காலையில் அண்ணா நகர் சந்தைக்கு என்னை அழைத்துப் போ. உன் முழங்காலுக்காக ஆட்டோவிலேயே போகலாம். விலையை அரசு எழுதுவது நல்லதா, தாங்களே எழுதினால் நல்லதா என்று அங்கே விற்கிற பெண்களிடம் கேட்க வேண்டும். அதற்குள் உனக்குத் தெரிந்த விவசாயி யாரிடமாவது பேசி, என்ன சொல்கிறார் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
வசந்தா