என் பெற்றோல் காசு எப்போது வரும்?

அரசாங்கச் செலவைக் கட்டுப்படுத்தும் பொறுப்பில் உள்ள ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும்,

வணக்கம். போன கிழமை என் பிரயாணச் செலவு வவுச்சர் மறுபடியும் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் 'ஒதுக்கீடு இல்லை'. இது நாலாவது மாதம். பென்சில் என்பதால் அழித்துவிட்டு அதே தாளையே மறுபடி கொடுக்கிறேன். அந்த வகையில் அரசாங்கத்துக்குத் தாள் மிச்சம்.

நான் களுவாஞ்சிகுடியிலிருந்து, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போய்வரும் வெளிக்கள உத்தியோகத்தர். காலையில் குறுமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி மண்டூரில் இறங்குவேன். (எங்கள் பக்கம் பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை, றோட்டு இல்லை.) மாரியில் பாதை நின்றால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். 2024 நவம்பர் வெள்ளத்தில் சேத விபரப் படிவங்களை ஷொப்பிங் பேக்கில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு, சைலன்சருக்குள் தண்ணீர் போன சைக்கிளை முழங்கால் தண்ணீரில் தள்ளினேன். திருத்தியதும் என் காசில்தான்.

இப்போது பெற்றோலுக்கும் காசு தட்டுப்படுகிறது. இறங்குதுறைக்குப் பக்கத்துக் கடைக்காரர் போத்தலில் தருகிறார், கொப்பியில் எழுதிக்கொண்டு. அரசாங்கத்தின் கடன் அந்தக் கொப்பியில் என் பெயரில் நிற்கிறது. அதைத் தீர்த்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சம்பளம் கூட்டினோமே என்பீர்கள். 2025 பாதீட்டில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆனது, உண்மைதான். இருந்த படிகளை அதற்குள்ளேயே கரைத்த பிறகு தேறியது 8,250. அதுவும் 2027 ஜனவரி வரை தவணையில். சர்வதேச நாணய நிதியத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் முதன்மை மிகை (கடன் வட்டியைச் சேர்க்காமல், செலவு போக வருமானத்தில் மிஞ்சுவது) வேண்டும் என்பதும் தெரியும். அந்த மிகைக்குள் என் நாலு மாதப் பெற்றோலும் கிடக்கிறது, ஐயா.

வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்து உடனே அனுப்பு என்கிறார்கள். போனும் என்னுடையது, டேட்டாவும் என்னுடையது. நாட்டை டிஜிட்டல் ஆக்குவது நான்தான் போலிருக்கிறது! சரி, அதை விடுவோம்.

சம்பளத்தைக் கூட்டச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. ஏற்கெனவே ஓடி முடித்த ஓட்டத்துக்கான காசைத்தான் கேட்கிறேன். நிலுவையில் உள்ள வெளிக்கள வவுச்சர்களைத் தீர்க்கும்படி தயவுசெய்து ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பென்சிலால் எழுதினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
படுவான்கரை வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர்