பெரிய டர்போ கேட்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் டிராக் ரேஸ் (நேர்கோட்டில் 402 மீட்டர் ஓடும் போட்டி) நடந்தால் மறுநாள் காலை நம் பட்டறையின் வாட்ஸ்அப் நிரம்பி வழியும். பாதிப் பேர் கேட்பது ஒன்றே ஒன்று: "அண்ணா, ஸ்கோடா ஆக்டேவியாவுக்கு எந்த டர்போ போட்டா 400 ஹெச்பி வரும்?" (டர்போ என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி.) ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டி அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறோம். ஆக்டேவியா ஆர்எஸ் 230 வைத்திருக்கும் ஒருவர், தினமும் திருப்பூர் போய் வருகிறவர், பெரிய டர்போதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எங்களுக்கும் ஆசை, போட்டுவிட்டோம். டைனோவில் (ஹெச்பி அளக்கும் மெஷின்) வந்த எண்ணைப் பார்த்துப் பட்டறைக்கே பிரியாணி வாங்கித் தந்தார். ரேஸ் அன்று பச்சை விளக்கு எரிந்ததும் வண்டி ஒரு கணம் யோசித்தது, அப்புறம் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) மொத்தமாக வந்து இறங்கி முன் டயர் இரண்டும் புகைந்தன. அதற்குள் பக்கத்தில் நின்ற, ஐஎஸ்38 என்ற சின்ன டர்போ போட்ட வண்டி, டைனோவில் இவருடையதைவிடக் குறைவாகக் காட்டியது, போயே போய்விட்டது. கடைசி நூறு மீட்டரில் இவர் வண்டி பறந்ததென்னவோ உண்மை. ஆனால் முதல் 60 அடியில் விட்டதை அங்கே பிடிக்க முடியவில்லை.

ஏன் இப்படி? 402 மீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் உச்ச ஹெச்பியைத் தொடுவது கொஞ்ச நேரம்தான். 6500 ஆர்பிஎம்மில் கியர் மாறினால் ஆர்எஸ்ஸின் ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இரண்டாவதுக்கு வரும்போது சுமார் 4000-க்கும், மூன்றாவதுக்கு வரும்போது சுமார் 4400-க்கும் இறங்கும். ஆக, கிளம்பின பிறகு உங்கள் பிழைப்பு முழுக்க 4000-க்கும் 6500-க்கும் நடுவில்தான், அந்த இடைவெளியில் எது நிறையக் காற்று தருகிறதோ அதுதான் உங்களுக்கான டர்போ. 4500-க்கு மேல்தான் விழிக்கும் என்றால், எவ்வளவு பெரியதாக இருந்தும் என்ன பிரயோஜனம்?

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நிமிடத்துக்கு 1 பவுண்டு காற்றுக்குத் தோராயமாக 10 ஹெச்பி. 350 வேண்டுமென்றால் 35 பவுண்டு. 2 லிட்டர் இன்ஜின் 6500-இல் அதை விழுங்க 1.4 பாருக்குச் சற்று மேல் பூஸ்ட் தேவை, 400 என்றால் 1.7-ஐத் தாண்டும். இந்தப் புள்ளியைக் கம்ப்ரஸர் மேப்பில், அதாவது அந்த டர்போ எவ்வளவு காற்றை எந்த அழுத்தத்தில் தரும் என்று காட்டும் வரைபடத்தில், வைத்துப் பார்ப்போம். இடது ஓரத்தில் விழுந்தால் சர்ஜ், காற்று திரும்பி அடிக்கும். வலது ஓரத்தில் விழுந்தால் டர்போ மூச்சுத் திணறி வெறும் சூட்டைத்தான் தள்ளும். கோவை கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருப்பதால் இருங்காட்டுக்கோட்டையில் ஓடுவதைவிட இங்கே அதே பூஸ்டுக்கு டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும், அதையும் சேர்த்தே பார்க்கிறோம். கேரட் ஜி25-550 கேட்டு வருகிறவர்கள் பெயரிலுள்ள 550-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். பெட்ரோல் பம்பு, இன்டர்கூலர் (டர்போ தரும் சூடான காற்றைக் குளிர்விப்பது), கிளட்ச் எல்லாம் ஈடுகொடுத்தால் அந்த டர்போ அதுவரை காற்று தரும், அவ்வளவே.

1.8 டிஎஸ்ஐ டிஎஸ்ஜி வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஏழு கியர் டிரை கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்குச் செய்தது, வண்டி கம்பெனியிலிருந்து வரும்போதே 250 தருகிறது. அதில் டர்போ மாற்றச் சொன்னால் செய்ய மாட்டோம். ஆர்எஸ்ஸின் வெட் கிளட்ச் (ஆயிலில் நனைந்தபடி ஓடும் கிளட்ச்) பெட்டி வேறு ஜாதி, அதற்கும் கிளட்ச் பேக்கும் கியர்பாக்ஸ் டியூனிங்கும் சேர்த்துத்தான் விலை சொல்வோம்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரே வார்த்தை: எக்ஸ்பி100-க்கு (இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல்) மேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங், போட்டுக்கொண்டு, அது கிடைக்காத ஊரில் சாதா பெட்ரோல் ஊற்றி முழு பூஸ்டில் மிதிக்காதீர்கள். மதிய வெயிலில் வரிசையில் நிற்கும்போதே இன்டர்கூலர் கொதித்துப்போகும், அதற்கும் இடம் விட்டுத்தான் மேப் போடுகிறோம்.

எங்களிடம் செத்து வந்த டர்போக்களில் பெரும்பாலானவை ஆயில் தகராறில் போனவை. பால் பேரிங் டர்போவுக்குள் போகும் ஆயில் லைனில் சுமார் 1 மில்லிமீட்டர் ஓட்டை கொண்ட ரெஸ்ட்ரிக்டர் (ஆயிலைக் குறைத்து விடும் துண்டு) போட வேண்டும், இல்லையென்றால் ஆயில் சீலைத் தாண்டி வெளியே வரும். திரும்பும் குழாய் அகலமாக, மடங்காமல், நேரே கீழே இறங்க வேண்டும். ஒரு வண்டியில் இடம் போதவில்லை என்று அந்தக் குழாயை யாரோ மேலே வளைத்து விட்டிருந்தார்கள். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு டம்ளர் ஆயில் கொட்டியது.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இந்த மாதிரி மாற்றங்களுக்கு இடம் கொடுக்காது, இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல் வரலாம். தெரிந்தே வாருங்கள். அவினாசி ரோட்டில் ராத்திரி ரேஸ் விடத்தான் என்றால் வரவே வேண்டாம்.

வருவதற்கு முன் வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், எந்த பங்கில் பெட்ரோல் போடுகிறீர்கள், என்ன டயர், ரேஸ் ஓடியிருந்தால் 60 அடி நேரம் என்ன, இதெல்லாம் எழுதி அனுப்புங்கள். வண்டியைக் கழுவிக் கொண்டுவர வேண்டாம். ஆயில் எங்கே கசிகிறது என்று அழுக்கிலேதான் தெரியும்.