குழந்தையோடு வெளிநாடு போக அனுமதி

ஆசிரியருக்கு,

பிரிந்து வாழும் தாய் ஒருத்தி, வெளிநாட்டில் வேலை கிடைத்துக் குழந்தையோடு போக அனுமதி கேட்டால், அப்பாவிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கப் பார்க்கிறாள் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். 2010இல் ஆஸ்திரேலியா போக வேண்டியிருந்த ஒரு தாய்க்கு உச்ச நீதிமன்றம் சாதகமாகவே தீர்ப்பளித்தது. நீதிபதிகள் சிறுவனைத் தனியாக அழைத்துப் பேசினார்கள், அவனும் அம்மாவோடு இருக்கவே விரும்பினான்.

அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறுவது சரியல்ல. பெற்றோரில் ஒருவர் முறையின்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்ப வகைசெய்யும் 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேராததால், எல்லை தாண்டிய பிள்ளையை மீட்கப் பெற்றோரில் மற்றவர் படும் பாடு கொஞ்சமல்ல.

முறைப்படி வருபவரையாவது இழுத்தடிக்காமல், இந்த மனுக்களுக்குக் குடும்ப நீதிமன்றங்கள் காலக்கெடு வைத்தால் என்ன? வாய்தா மேல் வாய்தா என்று போனால் வேலையும் காத்திருக்காது, பள்ளிச் சேர்க்கையும் காத்திருக்காது.

வாசகர், மதுரை