ரத்தத்தில் ஊறியதா, வாத்தியார் சொல்லிக்கொடுத்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிக் கலைத் திருவிழாவையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், வடசென்னைப் பிள்ளைகளுக்கு இசை ரத்தத்திலேயே ஊறியது என்று எழுதியிருந்தீர்கள். பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வயலினும், அதன் பெரிய அண்ணன் போன்ற செல்லோவும் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளைக் குழுவாக வாசிக்க வைத்து ஓய்வுபெற்றவன் நான். கானாவும் தாளமும் ரத்தத்தில் வரலாம். சுருதி சேர்ப்பது வராது.

மழைக்காலத்தில் பிருடை (தந்தியை முறுக்கும் மரத் திருகு) ஊறி இறுகிக்கொள்ளும். வெயில் காலத்தில் வழுக்கும். இருபது வயலின், ஒவ்வொன்றிலும் நாலு தந்தி. பாடவேளையில் பாதி இதிலேயே போய்விடும் என்பதால் காலைப் பிரேயருக்கு முன்பே நான் பள்ளிக்கு வந்துவிடுவேன். ஆறாவதில் அரை சைஸோ முக்கால் சைஸோ பிடிக்கிற பிள்ளைக்கு, ஒன்பதாவது வருவதற்குள் முழு சைஸ் வேண்டும். விரல் வைக்கும் இடமெல்லாம் மாறிப்போகும், மறுபடி முதலிலிருந்து.

அதைவிடக் கஷ்டம், சும்மா இருக்கக் கற்றுக்கொடுப்பது. குழுவில் இரண்டாம் வயலின் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். தனக்கு வாசிப்பு இல்லாத இடத்தில் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, 'ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு, மூணு ரெண்டு மூணு நாலு' என்று உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருப்பாள் (முதல் எண், எத்தனையாவது சுற்று என்பது). சரியான இடத்தில் வில் ஏறும். அவளுக்கு அந்த நிதானம் வர இரண்டு வருஷம் ஆனது. நடுவில் வாத்தியார் மாறியிருந்தால் வந்திருக்காது.

வாத்தியார் நிலைக்கிறாரா என்பதுதான் கேள்வி. 2012-ல் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் இல்லாத மொத்தச் சம்பளத்தில், ஓவியம், தையல், உடற்கல்வி, இசை என்று அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மே மாதம் சம்பளம் கிடையாது என்பதுதான் அப்போதைய ஏற்பாடு. 12,500 என்று அறிவிப்பு வருவதற்கே 2023 ஆகிவிட்டது. சென்னையில் இதை நம்பி எவர் குடும்பம் நடத்துவார்? கீபோர்டு டியூஷன், சர்ச் கொயர், கல்யாணக் கச்சேரி என்று ஓடுவார். ஒருநாள் திரும்பி வரமாட்டார். குழு கலைந்துவிடும், பீரோவுக்குப் பக்கத்தில் செல்லோ தூசி படிந்து கிடக்கும். இருக்கிற இசைப் பீரியடையும் அரையாண்டுத் தேர்வு வந்தால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். (திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.)

நம் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்றது குடும்பத்தோடு மணலியில் இருந்த காலத்தில்தான். கர்நாடக இசைக்கு வயலின் வந்த வழிகளில் முக்கியமானது அது. அவருக்கு ஐரோப்பிய வாத்தியார் ஒருவரை ஏற்பாடு செய்து கொடுத்தவர் மணலி முதலியார் என்பார்கள். தீட்சிதர் வீட்டுப் பிள்ளைக்கே, ரத்தத்தில் இருக்கிறது என்று விட்டுவிடவில்லை.

இசையாசிரியர் பணியிடங்களைக் காலமுறை ஊதியத்தில் (நிரந்தர ஆசிரியர்களுக்கான சம்பள முறையில்) நிரப்பும்படி உங்கள் இதழ் தலையங்கம் எழுத வேண்டும். அடுத்த கலைத் திருவிழாவில் பரிசு வாங்கிய பிள்ளைகளின் படத்தைப் போடும்போது, சொல்லிக்கொடுத்தவர் பெயரையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசையாசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81