அட்டைப்படத்துப் பெண்கள்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி தேவலையாகி மாடிப்படி ஏறுகிறாய் என்றதும் நிம்மதி. இங்கே பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். மத்தியானம் முழுக்க எனக்கே எனக்கு. பழைய அமெரிக்கப் பத்திரிகை அட்டைகளைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படம் வரைகிறவள் நீ, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

1890களில் சார்லஸ் டேனா கிப்சன் பேனா மையில் வரைந்த பெண்தான் அந்த ஊரில் அழகுக்கே அளவுகோல். தூக்கிக் கட்டிய கொண்டை, இறுக்கிய இடுப்பு, எவனையும் சட்டை செய்யாத பார்வை. 1903இல் ஒரு படம்: நாலு பெண்கள் பூச்சி மாதிரி ஒரு பொடி ஆணைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள், ஒருத்தி ஊசியால் குத்துகிறாள்! சைக்கிள் ஓட்டுவாள், கோல்ஃப் ஆடுவாள். ஓட்டுரிமை ஊர்வலத்தில் மட்டும் அவளைத் தேடத்தான் வேண்டும்.

1908இல் 'லைஃப்' என்ற நகைச்சுவைப் பத்திரிகையின் அட்டைக்கு வந்தார் கோல்ஸ் பிலிப்ஸ். உடுப்புக்கும் பின்னணிக்கும் ஒரே நிறம், நடுவில் கோடே கிடையாது. முகம், கை, காலணி நுனி, உடுப்பில் ஓரிரு பூ மட்டும் தெரியும். மிச்சத்தை நம் கண்ணே வரைந்துகொள்கிறது. நிறமும் குறைச்சல், அச்சுச் செலவும் குறைச்சல். கெட்டிக்கார மனுஷன்தான். ஆனாலும் பெண்ணைச் சுவரோடு கரைத்துவிட்டாரே என்று எனக்கு ஒரு கோபம்.

அடுத்த கூத்தைக் கேள். 1920இல் 'லைஃப்' பத்திரிகையையே கிப்சன் வாங்கிவிட்டார். அதே அட்டையில் ஜான் ஹெல்ட் வந்து, பாப் வெட்டிய, குட்டைப் பாவாடை கட்டிய, குச்சிக் கால் பெண்களை ஆடவிட்டார். தன் கொண்டைக்காரியை ஓரங்கட்டியவளைத் தானே காசு கொடுத்து அச்சடிக்கும்படி ஆயிற்று கிப்சனுக்கு!

இவர்கள் எல்லாரும் ஆண்கள். நெய்சா மெக்மீன் பெண். 1923 முதல் 1937 வரை 'மெக்கால்ஸ்' என்ற பெண்கள் பத்திரிகையின் அட்டைகள் அவருடைய பேஸ்டல், அதாவது வண்ணச் சுண்ணக்கோல் ஓவியங்கள்தான். அவர் வரைந்த முகங்களைப் பார்த்தால் கொஞ்சவோ மிரட்டவோ நிற்பதாகத் தோன்றாது; ஏதோ வேலைக்கு நடுவில் நிமிர்ந்து பார்த்தது போல இருக்கும். ஒரு கம்பெனி கற்பனையாக உண்டாக்கிய பெட்டி கிராக்கர் என்ற பெண்ணுக்கு 1936இல் முகம் கொடுத்ததும் இவரே.

இத்தனை அட்டையிலும் கறுப்பினப் பெண்ணைக் காணோம். அவளைப் பார்க்க, கறுப்பினத்தவரின் உரிமைக்காக 1910இல் தொடங்கிய 'கிரைசிஸ்' பத்திரிகைக்குப் போக வேண்டியிருந்தது. அதில் லாரா வீலர் வேரிங் வரைந்த அட்டைகளைத் தனியாக அனுப்புகிறேன். போன் திரையில் பார்க்காதே, மகளிடம் சொல்லிப் பெரிதாக அச்செடு. கோடு எப்படி என்று உன் வாயால் கேட்க வேண்டும்.

அன்புடன்,
லலிதா