நீராவி என்ஜின்களை நேசித்த நண்பர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீராவி என்ஜினின் படம் நாளிதழில் வெளிவந்து, அதன் கீழே ‘புகையைக் கக்கியபடி’ என்று அச்சாகியிருந்தால், என் நண்பர் ‘புகை’யைப் பென்சிலால் அடித்து ஓரத்தில் ‘ஆவி’ என்று எழுதி வைப்பார். கரும்புகை எழுந்தால் கரி சரியாக எரியாமல் வீணாகிறது என்று பொருள். நன்றாகக் கவனிக்கப்படும் என்ஜினின் புகைபோக்கிக்கு மேல் வெண்மேகமாகத் திரள்வது, காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாக மாறிய நீராவியே என்பார். இதைப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுத வேண்டும் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தவர், எழுதாமலேயே சென்ற மாதம் காலமாகிவிட்டார். ஆகவே நான் எழுதுகிறேன்.

அவர் ரயில்வேயில் ஒருநாளும் பணியாற்றியவர் அல்லர். ஆனால், ஓடும் என்ஜினின் ஒலியைக் கண்ணை மூடிக் கேட்டே அதன் வேகத்தைச் சொல்லிவிடுவார். இரண்டு சிலிண்டர் கொண்ட என்ஜினில், பெரிய சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் வேலை முடித்த ஆவி நான்கு முறை வெளியேறும். சக்கரத்தின் சுற்றளவு 5 மீட்டராக இருந்து, நொடிக்கு நான்கு ‘குப்’ ஒலி கேட்டால், வண்டி மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த ஆவி புகைபோக்கி வழியே பீறிடும்போது உலைக்குள் காற்றையும் இழுத்துத் தீயை வளர்க்கிறது என்பதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் மலரும். பாரம் கூடக்கூட ஆவி பலமாக வெளியேறும், தீயும் தானே கொழுந்துவிடும். தன் தேவையைத் தானே அறிந்து மூச்சு வாங்கும் இயந்திரம் வேறு எது என்று கேட்பார்.

இங்கிலாந்தின் ‘மல்லார்ட்’ என்ஜின் 1938 ஜூலை 3 அன்று மணிக்கு ஏறத்தாழ 203 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. நீராவி என்ஜின்களில் அந்தச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. அது சரிவில் இறங்கும்போது எட்டிய வேகம் என்பதையும், ஓட்டத்தில் ஒரு முக்கியத் தாங்கி (பேரிங்) சூடேறிச் சேதமடைந்ததையும் நண்பர் மறைக்காமல் சொல்வார். டிரைவர் ஜோசப் டடிங்டனைக் குறிப்பிடுவோர் பலர், கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் தாமஸ் பிரேயைக் குறிப்பிடுவோர் சிலரே என்பதுதான் அவருக்குப் பெருங்குறை.

அந்தக் குறையில் நியாயம் இருப்பதாகவே நானும் கருதுகிறேன். கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை வாசிப்பது எளிய காரியம் அன்று. முன்முகமாக ஏற்றத்தில் ஏறும்போது தண்ணீர் பின்னால் உலைப்பக்கம் சாய்வதால் மட்டம் உயர்ந்து தெரியும். உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கியதும் தண்ணீர் முன்பக்கம் ஓடிவிடுவதால், உலையின் கூரைத் தகடு நீரின்றி வெளிப்பட்டுவிடக்கூடும். அந்தத் தகடு பழுக்கக் காய்ந்து இளகினால் கொதிகலன் வெடித்துவிடும் என்பதால், ஃபயர்மேனுக்கு எதிரே உள்ள குழாயைவிட இனி வரப்போகும் பாதை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எந்த வளைவுக்கு முன் கரி போடுவது, எந்த மேட்டுக்கு முன் தண்ணீர் ஏற்றுவது என்பதெல்லாம் மூத்தவரின் அருகில் நின்று பழகிப் பழகி வருவது.

அருங்காட்சியகங்களில் வண்ணம் பூசி நிறுத்திய என்ஜின்களைப் பார்த்து அவர் மகிழ்ந்ததுண்டு. ஆயினும், இரும்பைக் காப்பாற்றிவிட்டோம், அதை இயக்கிய கைகளின் அறிவைக் காப்பாற்றவில்லையே என்ற வருத்தத்துடனேயே திரும்புவார். நீராவி என்ஜின்களில் பணியாற்றி இன்றும் நம்மிடையே வாழும் டிரைவர்கள், ஃபயர்மேன்கள், பணிமனைத் தொழிலாளர்கள் ஆகியோரின் அனுபவங்களைக் கேட்டுத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்று வேண்டுகிறேன். அத்தகைய முதியவர் வீட்டில் இருந்தால், அவர் சொல்லச் சொல்ல இளையவர்கள் எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைக்கலாம்.

நண்பரின் நோட்டுப் புத்தகங்கள் இப்போது என்னிடம் உள்ளன. ஃபயர்மேன்களிடம் கேட்பதற்கென்றே ஒரு நோட்டை ஒதுக்கி, இடப்பக்கத்தில் கேள்விகளை எழுதி, பதிலுக்காக வலப்பக்கத்தை விட்டுவைத்திருக்கிறார். அவற்றில் பெரும்பாலான பக்கங்கள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்